மூன்று லிட்டர் எண்ணெயில் நிற்கும் எஞ்சின்

மலேசியாவுக்கு மைவி கார் வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. 2005 மே மாதம் பெரோடுவா அதை அறிமுகப்படுத்தியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நாட்டில் அதிகம் விற்ற கார் அதுதான். மூன்று தலைமுறையும் சேர்ந்து பத்து லட்சம் வண்டிக்கு மேல் விற்றுவிட்டது. கோத்தா கோலா மூடாவில் ஆரம்பித்து தீக்காம் பத்து, சுங்கைப்பட்டாணி, பீடோங் என்று எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டு முன்னால் மைவி நிற்கும். அதில் பாதி முதல் தலைமுறை வண்டியாக இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகளை விட்டு நம் ஆட்கள் தாமான்களுக்கு வந்த பிறகு, கூலிம் தொழிற்பேட்டைக்கும் பிறைக்கும் வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்க, வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இந்தச் சின்னக் காடியை விட்டால் வேறு வழி குறைவு. பஸ்ஸை நம்பிக் குடும்பம் நடத்த முடியாத ஊர்கள் இவை. ஆகவே ஒரு 1.3 லிட்டர் எஞ்சின் எத்தனை வருஷம் தாங்கும் என்பது இங்கே பொழுதுபோக்குப் பேச்சு இல்லை, வீட்டு வரவு செலவில் பெரிய கணக்கு.

அந்த எஞ்சினுக்கு ஊரில் நல்ல பேர். ‘எதையும் தாங்கும், சும்மா ஓட்டலாம்’ என்பார்கள். பேர் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பேரே அதற்கு எமனாகிறது என்பது என் கட்சி. இன்னும் திட்டமாகச் சொல்கிறேன். நம் ஊரில் இந்த எஞ்சின்கள் ஓடித் தேய்ந்து சாவதை விட, எண்ணெய் மாற்றாமல் சாவதே அதிகம். அதிலும் மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும் வண்டிக்குத்தான் ஆபத்து கூடுதல். கேட்கக் கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். காரணத்தைப் பார்ப்போம்.

முதல் இரண்டு தலைமுறை மைவியின் 1.3 வண்டிகளில் இருப்பது கே3-விஇ என்ற எஞ்சின். டைஹாட்சுவின் வடிவமைப்பு. 1298 சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. பழைய அவான்சா 1.3-இலும் இதே எஞ்சின்தான். அதற்கு முன் நம் வீடுகளில் இருந்த நாலு சிலிண்டர் என்றால் 1985-இல் வந்த புரோட்டோன் சாகா, அதன் மிட்சுபிஷி எஞ்சின். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாகாவில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த டைமிங் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளையும். அந்தப் பயத்தினாலேயே பெல்ட்டின் நாளை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். மைவியில் பெல்ட் இல்லை, சங்கிலி. ‘சங்கிலி அறாது, மாற்ற வேண்டியதில்லை’ என்று விற்பவரும் சொன்னார், வாங்கியவரும் நிம்மதியானார்.

சங்கிலி அறாது என்பது அநேகமாக உண்மை. ஆனால் அது எதனால் உயிரோடு இருக்கிறது என்பதைப் பாருங்கள். ரப்பர் பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் ஓடுகிறது. அதற்கு எண்ணெயோடு எந்த உறவும் இல்லை. சங்கிலியோ எஞ்சினுக்கு உள்ளே எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு புஷ். இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெயில் கரியும் உலோகத் துகளும் சேர்ந்தால் அந்தப் படலமே உப்புத்தாள் மாதிரி தேய்க்க ஆரம்பிக்கும். ஒரு கண்ணியில் மயிரிழை அளவு தேய்மானம்தான், ஆனால் எல்லாக் கண்ணியையும் கூட்டினால் சங்கிலி நீண்டுவிடும். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால்தான் தள்ளப்படுகிறது. காலையில் சாவி திருப்பியதும் ஒன்றிரண்டு விநாடி ‘கட கட’ என்று சத்தம் வந்து அடங்கினால், பெரும்பாலும் அது சங்கிலியின் முறையீடுதான்.

இதோடு முடியவில்லை. டிவிவிடி என்று வண்டியின் பின்பக்கம் பெருமையாக ஒட்டியிருக்கிறார்களே, அதுவும் எண்ணெயை நம்பித்தான் வேலை செய்கிறது. உள்ளிழுக்கும் வால்வுகளின் கேம் சக்கரத்துக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஒரு மின் வால்வு எண்ணெயை ஒரு பக்க அறைக்கு அனுப்பினால் கேம் கொஞ்சம் முன்னே திரும்பும், மறுபக்கம் அனுப்பினால் பின்னே திரும்பும். வேகம் குறைவாக இருக்கும்போதும் இழுவை கிடைப்பதும், பெட்ரோல் மிச்சமாவதும் இந்த ஏற்பாட்டால்தான். எண்ணெய் போகும் வழிகள் ஊசித் துளைகள். பல வடிவமைப்புகளில் வழியில் ஒரு குட்டி வலையும் உண்டு. எண்ணெய் கெட்டுப் பசையானால் முதலில் அடைபடுவது இங்கேதான். வண்டி இழுக்காது, நிற்கும்போது உதறும், எஞ்சின் விளக்கு எரியும். உடனே ‘சென்சார் போச்சு’ என்று ஒரு சாமானை மாற்றுவோம், இரண்டு வாரத்தில் விளக்கு மறுபடி எரியும். பெல்ட் போன இடத்தில் எண்ணெய் உட்கார்ந்துவிட்டது என்பதை நாம் கவனிக்கவே இல்லை. முன்பு எண்ணெய் செய்த வேலை உராய்வைக் குறைப்பதும் சூட்டை ஏற்றிச் செல்வதும். இப்போது கூடுதலாக அது சங்கிலியைக் காக்கிறது, கேமைத் திருப்புகிறது. இத்தனையும் செய்வது மூன்று லிட்டர் சொச்சம் எண்ணெய்.

சரி, கிலோமீட்டர் குறைந்த வண்டிக்கு ஏன் ஆபத்து அதிகம்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆவியாகத்தான் உண்டாகிறது, பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஆனால் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கணினி பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், அதிலும் எரியாத கொஞ்சம் கீழே இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென்று உள்ள குழாய் வழியே மறுபடி எரிவதற்குப் போய்விடும். சூடேறாவிட்டால் எண்ணெயிலேயே தங்கிவிடும். தாமானிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து கோயிலுக்கு என்று இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் தினமும் நடப்பது இதுதான். டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்ததுமே எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த விளக்கு காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் நேரமாகும், அதற்குள் நாம் போக வேண்டிய இடத்துக்குப் போய் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். இப்படி ஓடும் வண்டியில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் மயோனிஸ் போல வெளிர் மஞ்சள் நுரை ஒட்டியிருக்கும். அது எண்ணெயும் தண்ணீரும் கலந்த கலவை. பக்கத்துச் சுவரில் கறுப்பு ரப்பர் போல ஏதாவது படிந்திருந்தால் கதை இன்னும் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். (ஒரு விலக்கு: ரேடியேட்டர் தண்ணீரும் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால், அந்த நுரை ஹெட் கேஸ்கெட் போனதன் அடையாளமாகவும் இருக்கலாம். அப்போது பொமெனிடம் காட்டத் தள்ளிப்போடக் கூடாது.)

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். ‘இது கனடாவா, குளிர் நாடா? இங்கே காலையிலேயே இருபத்தைந்து டிகிரி. குளிர்ந்த எஞ்சின் என்ற பேச்சே நமக்குப் பொருந்தாது.’ இதில் பாதி நியாயம் உண்டு. பனி கொட்டும் ஊரில் எஞ்சின் படும் பாடு இங்கே இல்லை, சூடேறவும் நேரம் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் எண்ணெய் வேலை செய்ய வேண்டிய சூடு தொண்ணூறு, நூறு டிகிரி. அதை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்தும் குளிர்தான். நம் காற்றிலோ ஈரம் ஏராளம், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். கோலா மூடாவில் காதுக்குள் கிசுகிசுத்து மீனை ஏலம் விடும் சந்தைக்கு வெளியே, ஏர்கான் ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் அரைமணி காத்திருக்கும் வண்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த அரைமணி மீட்டரில் ஒரு மீட்டர்கூட ஏறாது. எண்ணெய்க்கு அது முழு வேலைநேரம்.

இன்னொரு மறுப்பு கனமானது, அதற்கு ஆய்வே சாட்சி. 1996-இல் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை நியூயார்க் நகரின் 75 டாக்சிகளில் எண்ணெய்களைச் சோதித்தது. ஒவ்வொரு டாக்சியும் 60,000 மைல் ஓடியது, அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர். பிறகு எஞ்சின்களைப் பிரித்து அளந்தார்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய வண்டிக்கும் 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றிய வண்டிக்கும் தேய்மானத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எண்ணெயின் பிராண்டும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. ‘அப்படியானால் அடிக்கடி மாற்று என்பது எண்ணெய்க் கம்பெனி வியாபாரம்தானே’ என்று கேட்கலாம். ஆனால் டாக்சி என்பது என்ன? காலையில் ஸ்டார்ட் செய்தால் ஷிஃப்ட் முடிகிற வரை எஞ்சின் ஆறுவதே இல்லை. எண்ணெய்க்குள் தண்ணீர் தங்க அங்கே நேரமே கிடைக்காது. அந்த ஆய்வை வெளியிட்டவர்களே, டாக்சிகள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவது அரிது என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே அந்த முடிவு என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. நாள் முழுக்கக் கிராப் வாடகைக்கு ஓடும் பெரோடுவா பெஸ்ஸா 1.3 ஒன்று வருஷத்துக்கு 60,000 கிலோமீட்டர் போனாலும், ஒவ்வொரு 10,000-க்கும் எண்ணெய் மாற்றினால் அதன் எஞ்சின் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘பாட்டி கோயிலுக்கு மட்டும் ஓட்டிய வண்டி, இரண்டு வருஷத்தில் 9,000 தான் போயிருக்கு’ என்று பெருமையாக விற்கப்படும் வண்டியில், அந்த இரண்டு வருஷமும் அதே எண்ணெய் கிடந்திருந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பழைய வண்டி வாங்குபவர்கள் மீட்டரைப் பார்க்கும் முன் சர்வீஸ் தேதிகளைக் கேட்க வேண்டும்.

‘ஜப்பான் எஞ்சின், அதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2002-இல் டொயோட்டாவே, தன் சில எஞ்சின்களுக்குள் எண்ணெய் கூழாக உறைந்துபோகிறது என்ற புகார்களால், அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரையான சுமார் 33 லட்சம் வண்டிகளுக்குச் சிறப்பு உத்தரவாதம் அறிவிக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின். எண்ணெயை நேரத்துக்கு மாற்றாததே காரணம் என்றது கம்பெனி, மாற்றியும் வந்தது என்றார்கள் உரிமையாளர்கள். விவகாரம் கோர்ட் வரை போனது. யார் பக்கம் நியாயம் எவ்வளவு என்பதை விடுங்கள். உலகத்தில் அதிகம் நம்பப்படும் கம்பெனியின் எஞ்சினும் கெட்ட எண்ணெயைத் தாங்காது என்பது மட்டும் அதில் ஐயமில்லாமல் தெரிகிறது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் இருக்கும் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். நம் ரோன்95 பெட்ரோல் 2020 ஜனவரியில் யூரோ 4எம் தரத்துக்கு வந்தது. அதற்கு முன் கந்தகத்துக்கு அனுமதி 500 பிபிஎம் வரை, இப்போது 50. எண்ணெயில் அமிலமாக மாறும் சரக்குகளில் கந்தகமும் ஒன்று. ஆகவே அப்பா காலத்து 3,000 கிலோமீட்டர் கணக்கை இன்றைய வண்டிக்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எண்ணெயும் அப்போதைவிட எவ்வளவோ மேலானது. பெரோடுவா சொல்வதே ஃபுல்லி சிந்தெடிக் எனும் முழுச் செயற்கை எண்ணெய்க்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. இதில் முன்பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பின்பாதியை யாரும் படிப்பதில்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து கூலிமுக்குத் தினமும் போய்வருபவருக்குக் கிலோமீட்டர் முதலில் வரும், அவர் மாற்றிவிடுவார். தாமானுக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு மாதம்தான் முதலில் வரும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

இனி காசு. கஷ்டப்படுகிற வீட்டில் ‘ஓடுகிற வண்டிக்கு எதற்குச் செலவு’ என்ற கேள்வி சாதாரணமாக வருவது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த வாதத்தை முடிக்க முடியாது. குறைந்தபட்ச சம்பளம் இன்று 1,700 வெள்ளி. ஒரு எண்ணெய் மாற்றத்துக்கு வடிகட்டியோடு சேர்த்து 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு முறை என்றால் 300, மாதத்துக்கு 25 வெள்ளி. 1.99 வெள்ளி மானிய விலையில் பழைய மைவியின் 40 லிட்டர் தாங்கியை நிரப்ப 80 வெள்ளி ஆகிறது. ஆக ஒரு எண்ணெய் மாற்றம் என்பது இரண்டு தாங்கி பெட்ரோல் விலைக்கு உள்ளேதான். மறுபக்கம், எஞ்சின் போனால் ஹாஃப்கட் கடையில் பழைய எஞ்சின் தேடி, இறக்கி, ஏற்றி, ஓடவைக்க ஆயிரக்கணக்கில் போகும். வண்டி வொர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களில் வேலைக்குப் போகும் செலவு தனி. இன்னும் இறுக்கமான வீடு என்றால் ஃபுல்லி சிந்தெடிக்கே வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட தடிமனில், முத்திரை உடையாத, நம்பகமான கடையில் வாங்கிய செமி சிந்தெடிக்கை நேரத்துக்கு மாற்றுவது, விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி ஒன்றரை வருஷம் மறந்துவிடுவதை விடப் பல மடங்கு மேல். ஒரு எச்சரிக்கை உண்டு: பழைய வண்டி என்பதற்காகக் கஞ்சி மாதிரி தடித்த எண்ணெயை ஊற்றும் பழக்கம் சாகா காலத்தோடு போகட்டும். ஊசித் துளைகளில் அது நேரத்துக்குப் போய்ச் சேராது.

வொர்க்‌ஷாப்பில் காசு பிடுங்குகிறார்கள் என்ற குறையும் பல நேரம் சரிதான். எஞ்சின் ஃப்ளஷ், எண்ணெயில் ஊற்றும் மாய மருந்து, பெட்ரோலில் ஊற்றும் இன்னொரு மருந்து என்று ரசீது நீளும். இவற்றை மறுத்துவிடலாம். பல வருஷம் கவனிக்காத எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றுவது ஆபத்தும்கூட. பெயர்ந்து வரும் கறுப்புப் பசை, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வண்டிக்குச் சாதாரண நல்ல எண்ணெயை ஊற்றி, வழக்கத்தை விடச் சீக்கிரமாக இரண்டு மூன்று தடவை மாற்றினாலே உள்ளே மெதுவாகச் சுத்தமாகும்.

டிப்ஸ்டிக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாற்றும் நாளைக் கவனிப்பவர்கள்கூட நடுவில் அளவைப் பார்ப்பதில்லை. டேஷ்போர்டில் சிவப்பாக எண்ணெய்க் கெண்டி விளக்கு இருக்கிறதே, அது எண்ணெய் குறைந்தால் எரியும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான சின்ன வண்டிகளில் அது எண்ணெயின் அளவைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது அழுத்தத்தை. அழுத்தம் அடியோடு விழுந்த பிறகுதான் எரியும். வளைவில் திரும்பும்போது ஒரு கணம் மின்னி மறைந்தால், தொட்டியில் எண்ணெய் அவ்வளவு குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். நின்று எரிந்தால் உடனே ஓரம்கட்டி அணைக்க வேண்டும், ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டக் கூடாது. பதினைந்து வருஷம் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் வளையமும் வால்வு சீலும் தளர்ந்து, கொஞ்சம் எண்ணெய் குடிப்பது இயல்பு. அது நோய் அல்ல, முதுமை. மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தால் மிச்சமுள்ள இரண்டு லிட்டர் மூன்று லிட்டரின் சூட்டையும் அழுக்கையும் சுமக்கும், சீக்கிரம் கெடும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நாலு லிட்டர் கலனில் மாற்றிய பிறகு கொஞ்சம் மிஞ்சுமே, அதை பொமெனிடம் விட்டுவராமல் பூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குறையும்போது ஊற்ற அதுவே போதும்.

ரேடியேட்டரைப் பற்றிச் சுருக்கமாக. எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், சூடு மிஞ்சினால் வளைந்துவிடும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். கடலோர உப்புக் காற்று ரேடியேட்டரின் தகடுகளை வெளியிலிருந்து அரிக்கும். கூலன்ட் கலந்து ஊற்றுவதும், மூடியின் ரப்பர் தளர்ந்தால் மாற்றுவதும் சில்லறைச் செலவு. சின்னச் செலவை விட்டால் பெரிய செலவு என்ற கணக்கு எண்ணெயைப் போலவே இங்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டு முன்னால் நிற்பது மைவியோ, பெஸ்ஸாவோ, சாகாவோ, கண்ணாடியின் மூலையில் கடைசியாக ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கரை இன்று ஒருதரம் போய்ப் பாருங்கள். கிலோமீட்டரை விடுங்கள், தேதியைப் படியுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால், மீட்டர் இரண்டாயிரம்தான் ஏறியிருந்தாலும், இந்த வாரமே எண்ணெயை மாற்றிவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் யாராவது அக்கம்பக்கத்தில் அப்படி வண்டி வைத்திருந்தால், அவர்கள் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்த்துச் சொல்லுங்கள்.